நீ கொண்டுவந்த முட்டைக் கூடை

முரளி,

நான் கூப்பிட்டால் நீ போனை எடுக்கப்போவதில்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. உன் அப்பா கூப்பிட்டால் எடுக்கிறாய், சாப்பிட்டீர்களா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றெல்லாம் விசாரிக்கிறாய். நான் பக்கத்தில் வந்து நிற்கிறேன் என்று தெரிந்ததும் உனக்கு டவர் போய்விடுகிறது. நீ குடியிருக்கிற டோல்கேட்டில் அப்படி என்ன டவர் பிரச்சினையோ, ஊரில் வேறு யாருக்கும் இல்லாத பிரச்சினை. சரி, காதைக் கொடுக்க மாட்டேன் என்கிற பிள்ளை கண்ணையாவது கொடுக்கட்டும் என்று எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வதும் பொய்தான். ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து போய் ஒன்றுமே வைக்காத அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன், கொடியில் காயாத துணியைத் தொட்டுப் பார்க்கிறேன், திரும்ப வந்து அடுத்த வரி. "கால்ல சக்கரம் கட்டிருக்கியா"ன்னு உன் அப்பா கேட்டுவிட்டார். எனக்கு நெஞ்சு ஒரு இடத்தில் நிற்கவில்லை, கால் எப்படி நிற்கும்.

நடந்ததை முதலில் என் வாயால் சொல்லிவிடுகிறேன். நீ உன் பக்கத்தில் இருந்து பார்த்திருப்பாய், சொந்தக்காரர்கள் அவரவர் பக்கத்தில் இருந்து பார்த்திருப்பார்கள். தன் மகள் யாழினி பெரியவளாகிவிட்டாள் என்று உன் அக்கா கவிதா ஸ்ரீரங்கத்திலிருந்து போன் பண்ணியதும் நான் முதலில் உனக்குத்தான் சொன்னேன். தாய்மாமன் இல்லாமல் அந்த வீட்டில் எது நடக்கும்? நீயும் குறை வைக்கவில்லை. பாவாடை தாவணி, கண்ணாடி வளையல், பூ, உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய் என்று எதையும் விடாமல் வாங்கினாய். அதற்கெல்லாம் மேலே, மஞ்சள் துணி கட்டிய மூங்கில் கூடையில் உன் கோழிகளின் முட்டைகள், வைக்கோல் மெத்தை போட்டு, ஒன்றோடு ஒன்று இடிக்காமல் அடுக்கி. அந்தக் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கவிதா வீட்டு மாடிப்படியில் நீ ஏறி வந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றுகூட உன் முகம் அப்படி இருந்ததில்லை.

முதல் முட்டையைத் தாய்மாமனே உடைத்துக் கொடுக்கட்டும் என்று கவிதாவின் மாமியார் சொன்னார்கள். நீ டம்ளரில் உடைத்து ஊற்றினாய். மஞ்சள் கரு அப்படியே செம்மஞ்சளாக நின்றது, அதைப் பார்த்து நாலு பேர் ஆகா என்றார்கள். மேலே நல்லெண்ணெய் விட்டாய். யாழினி அப்போதே மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, எப்போது கொடுப்பாய் என்று காத்திருந்தாள். நான் களி கிண்டிய கையோடு சமையலறையிலிருந்து வந்து, உன் கையிலிருந்து டம்ளரை வாங்கி, இல்லை, பிடுங்கி, தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன். முட்டை கெட்டுப்போயிருக்கிறது, நாற்றம் வருகிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"காலையில எடுத்த முட்டைம்மா," என்றாய். நான் பிரிட்ஜைத் திறந்து, அட்டையோடு இருந்த கடை முட்டையில் ஒன்றை எடுத்து உடைத்தேன். அதை யாழினி குடித்து முடிக்கும்வரைக்கும் நின்றாய். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாய். இலை போட்டு வைத்திருந்தது. தாய்மாமன் சாப்பிடாமல் போன விசேஷம் என்று இந்நேரம் நம் உறையூர் முழுக்கப் பேச்சு. நேற்றுக் காய்கறி வாங்கப் போன இடத்தில் ஒருத்தி என்னிடமே துக்கம் விசாரிப்பது போல விசாரித்தாள்.

முட்டை கெட்டுப்போகவில்லை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உண்மையை அந்தக் கூடத்தில் வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிரே ஒரு பச்சைப் பிள்ளை மணையில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் உன் பெண்டாட்டி சுகன்யா ஐந்து மாத வயிற்றோடு, கை நிறைய வளையலோடு நிற்கிறாள். சுற்றி நிற்கிறவர்களில் பாதிப் பேர் உன்னிடம் முட்டை வாங்குகிறவர்கள். அங்கே வைத்து "இந்த முட்டையில் விஷம் இருக்கலாம்" என்று நான் சொல்லியிருந்தால், உன் தொழில் அன்றைக்கே முடிந்திருக்கும். அதனால் சின்னப் பொய்யாகச் சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். உன்னைச் சபையில் தலைகுனிய வைத்ததுதான் மிச்சம். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். முட்டையைக் கொட்டியதற்குக் கேட்க மாட்டேன்.

போன மாதம் சுகன்யாவைப் பார்க்க நானும் உன் அப்பாவும் வந்தோமே, அன்றைக்கு ஆரம்பித்தது இது. நீ சமயபுரத்துக்கு டெலிவரி கொடுக்கப் போயிருந்தாய். சுகன்யா படுத்திருந்தாள். நாங்கள் சும்மா உன் நிலத்தைச் சுற்றி வந்தோம். வடக்கு ஓரத்தில், வாய்க்கால் பக்கம், புல் முளைக்காமல் கறுப்பாக ஒரு இடம் இருக்கிறதே, அங்கேதான் உன் கோழிகள் எல்லாம் குழி பறித்து மண்ணில் புரண்டு குளித்துக்கொண்டிருந்தன. கொத்திக் கொத்தி எதையோ தின்றுகொண்டும் இருந்தன. உன் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கரண்ட் வேலை பார்த்த மனுஷன், தரையில் எது கிடந்தாலும் குனிந்து எடுக்காமல் வர மாட்டார். குனிந்தார். கையில் உருகிய செம்புத் துணுக்கு, கூடவே கருகிய வயர் தோல். காலால் மண்ணைக் கொஞ்சம் தள்ளினால் அடியிலும் அதேதான். "இங்க யாரோ கேபிளைப் போட்டு எரிச்சிருக்காங்க"ன்னு சொன்னார். செம்பு கிடைத்த சந்தோஷத்தில்தான் சொன்னார்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ அந்த இடத்தை வாங்குவதற்கு முன்னால் பழைய இரும்புக் கடைக்காரர்கள் வண்டி வண்டியாக வயரும் கேபிளும் கொண்டுவந்து போட்டு எரிப்பார்களாம். மேல்தோல் எரிந்து போனால் செம்பு கையோடு வந்துவிடும், ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருக்க வேண்டாம். பழைய டிரான்ஸ்பார்மர்களையும் உடைப்பார்களாம், உள்ளே இருக்கிற எண்ணெயை அங்கேயே கவிழ்த்துவிடுவார்களாம். வருஷக்கணக்கில் நடந்திருக்கிறது. எரிக்கிற அன்றைக்குக் காயப்போட்ட துணியெல்லாம் கறுத்துவிடும் என்றார்கள். தன் ஆடுகளை அந்தப் பக்கம் விடுவதில்லை என்றும் சொன்னார்கள். ஏன் என்று கேட்டேன், சும்மா, நாற்றம் பிடிக்கவில்லை என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. நான் படித்த நர்ஸ் படிப்பில் எல்லாமே கிருமிதான். கொதிக்க வைத்தால் சாகும், சோப்புப் போட்டால் போகும், ஊசி போட்டால் வராது. இது அந்தக் கணக்கில் வராது என்று மட்டும் எங்கேயோ கேட்ட ஞாபகம். அதனால் நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தபோது கூட வேலை பார்த்த டாக்டரம்மாவைத் தேடிப் போனேன். இப்போது தில்லைநகரில் இருக்கிறார்கள், உனக்கு நினைவிருக்கும், நீ கை முறிந்து வந்தபோது கட்டுப் போட்டவர்கள். வயர் எரித்த இடம் என்று சொன்னதுமே காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். "கோழி மேயுதா?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.

அவர்கள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். பிளாஸ்டிக் தோல் போட்ட செம்பு வயரை எரித்தால் டயாக்சின் என்று ஒன்று உண்டாகிறதாம். பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெய் சிலவற்றில் பிசிபி என்று இன்னொன்று இருந்திருக்கலாமாம். பூச்சிமருந்தில் டிடிடி இருந்ததே, அதுவும் இதே குடும்பம். நிலைத்த கரிம மாசு என்று இவற்றுக்குப் பொதுப்பெயர். அந்த முதல் வார்த்தையைக் கவனி. மழை அடித்தால் கரைவதில்லை, வெயிலில் காய்ந்தால் போவதில்லை, மண்ணில் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். தண்ணீரில் கரையாது, கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். மண்ணில் இருப்பது புழுவுக்கு, புழுவிலிருந்து கோழிக்கு, கோழியின் கொழுப்பிலிருந்து மஞ்சள் கருவுக்கு. அதைத் தின்றவர்கள் உடம்புக் கொழுப்பில் சேர்ந்து, இறங்கிப் போக ரொம்ப வருஷம் எடுக்கும். பெண்ணாக இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் தாய்ப்பாலுக்கும் அதில் பங்கு போகும். ஒவ்வொரு படியிலும் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே வருமாம். உலகத்து நாடுகள் ஒன்றுகூடி இவற்றில் பலவற்றைத் தடை செய்திருக்கின்றன, முன்பே கொட்டியதை என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை என்றார்கள்.

என்ன செய்யும் என்று கேட்டேன். இன்றைக்குச் சாப்பிட்டு நாளைக்கு வாந்தி எடுக்கிற விஷமாக இருந்தால் எல்லோரும் உஷாராகிவிடுவோம் என்றார்கள். இது மெதுவாக வேலை செய்யும். ஹார்மோனைக் குழப்பும், தைராய்டைத் தொடும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும், நாள்பட்டால் புற்றுநோய்க்கும் வழி. வயிற்றில் வளர்கிற பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்பதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்கள், மருமகள் உண்டாகியிருப்பதை நான் முன்பே சொல்லியிருந்தேன். அப்படியே வீட்டுக்கு வந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் உறையூர் பஸ்ஸுக்குப் பதிலாக ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறி, காவேரிப் பாலத்தில் போகும்போதுதான் சுதாரித்தேன்.

உனக்கு அன்றைக்கே போன் பண்ணிச் சொன்னேன். நீயும் கோபப்படாமல்தான் கேட்டாய், அதையும் சொல்லிவிட வேண்டும். கடைசியில் என்ன சொன்னாய்? "அதெல்லாம் எப்பவோ எரிச்சதும்மா, எத்தனை மழை பேஞ்சிருக்கு, எல்லாம் அடிச்சிட்டுப் போயிருக்கும்." மழையில் கரையாது என்று நான் சொன்னேன். மண் பரிசோதனை செய்துவிட்டேன், சத்தெல்லாம் நன்றாக இருக்கிறது என்றாய். அந்தப் பரிசோதனை உப்பும் உரச்சத்தும் பார்ப்பது, இதைப் பார்க்காது. இதைப் பார்க்கிற பெரிய ஆய்வுக்கூடங்கள் வேறு, மண்ணையும் முட்டையையும் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். அனுப்புகிறேன், ரிசல்ட் வரட்டும், அதுவரைக்கும் எதுவும் நிரூபணம் ஆகவில்லையே என்றாய். அங்கேதான் நாம் இரண்டு பேரும் முட்டிக்கொண்டோம். ரிசல்ட் வருகிறவரைக்கும் விற்காதே என்கிறேன் நான். ரிசல்ட் வருகிறவரைக்கும் விற்கிறேன் என்கிறாய் நீ. நான் சொல்வது தப்பாகக்கூட இருக்கலாம், முரளி. அந்த மண்ணில் ஒன்றுமே இல்லாமல் போனால் ஊரைக் கூட்டி உன் காலில் விழுகிறேன். ஆனால் தெரியாது என்பதுதான் இப்போதைக்கு உண்மை, தெரியாத ஒன்றைப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்க என் கை வராது.

உன் பிடிவாதம் எனக்குப் புதிதா? சின்ன வயதில் கொசுமருந்துப் புகை வண்டி நம் தெருவுக்குள் வந்தால், தெருப் பிள்ளைகள் எல்லாம் புகைக்குள் ஓடுவார்கள், நீ மட்டும் வீட்டு ஜன்னல்களைச் சாத்துவாய். போகிக்கு எதிர்வீட்டுக்காரர் டயர் எரித்தபோது வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து, அப்பாவிடம் அடி வாங்கினாய். ஒர்க்‌ஷாப்பில் இருந்து யாரோ கொடுத்தார்கள் என்று அப்பா முழங்காலுக்குத் தேய்க்க டிரான்ஸ்பார்மர் எண்ணெய் கொண்டுவந்து வைத்தபோது, அதைச் சாக்கடையில் கொட்டியதும் நீதான். சாக்கடையில் கொட்டினாயே என்று இப்போது நினைத்தால் அதுவும் பகீரென்கிறது, அன்றைக்கு யாருக்குத் தெரியும். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து, மருந்து படாத சாப்பாடு தரப்போகிறேன் என்று நீ நின்றபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிற ஒவ்வொரு தாயிடமும் நாட்டுக்கோழி முட்டை சாப்பிடு என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள் நான், என் பிள்ளையே அதை வளர்க்கப்போகிறான் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்.

இதில் என் மனசை அறுப்பது ஒன்று உண்டு. நீ சொன்னதெல்லாம் உண்மை. உன் கோழிக்குக் கடைத் தீவனம் இல்லை, ஊசி இல்லை, மருந்து இல்லை. கூண்டில் அடைப்பதில்லை, மண்ணைக் கிளறித் தானே தேடித் தின்கிறது. இந்த ஒன்றில்தான் சிக்கிக்கொண்டோம். கூண்டுக்குள் கிடக்கிற கடைக்கோழிக்கு அந்த மண்ணோடு சம்பந்தமே கிடையாது, உன் கோழி நாள் முழுக்க அதில் வாழ்கிறது. நீ நல்லதென்று செய்த ஒவ்வொன்றும் அந்தக் கறுப்பு மண்ணைக் கோழியின் வயிற்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இது ஒன்றை மட்டும் உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாளாக விழுங்கிக்கொண்டிருந்தேன்.

திவ்யாவைப் பற்றி உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில், கவிதா வீட்டுக்குப் பின் தெருவில், பிறந்தவீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருக்கிற பெண். உன்னிடம் முட்டை வாங்கச் சொல்லி அவளை அனுப்பியதே நான்தான். கோயில் தெருவழியாக முட்டையோடு வருகிறோமே என்று நீ துணிப்பைக்குள் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாயே, அவளேதான். விசேஷம் முடிந்த மறுநாள் கவிதா வீட்டிலிருந்து கிளம்பி நேராக அவள் வீட்டுக்குப் போனேன், சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கைப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டி, தொட்டிலில் போட்டிருந்தார்கள். கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருக்கிறது. "நர்ஸம்மா, உங்க பையன் குடுக்குற முட்டைதான், தினம் ரெண்டு சாப்பிடுறேன், பால் நல்லா ஊறுது," என்றாள். அவள் அம்மா காபி கொடுத்தார்கள். குடித்தேன். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினேன். நல்லா இரு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தெருமுனை வந்ததும் அழுகை வந்துவிட்டது. ராஜகோபுரத்துப் பக்கம் அத்தனை கூட்டத்தில் ஒரு கிழவி நின்று அழுதால் யாரும் கேட்பதில்லை, பெருமாள் கோயில் வாசலில் அது சகஜம் போல. வேலையில் இருந்தபோது நான் எத்தனை வீட்டில் எத்தனை கசப்பான விஷயம் சொல்லியிருக்கிறேன். புருஷனுக்குக் காசநோய் என்று சொல்லியிருக்கிறேன், பிள்ளைக்குக் காது கேட்காது என்று சொல்லியிருக்கிறேன். ஒரு நாளும் வாய் குழறியதில்லை. இங்கே குழறியதற்குக் காரணம் நீ. உன் பெயர் கெட்டுவிடுமே என்று அந்தத் தொட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வந்தேன். திவ்யா உன்னை நம்பி அந்த முட்டையைச் சாப்பிடவில்லை, என்னை நம்பிச் சாப்பிடுகிறாள். உன்னிடம் வாங்குகிற பிள்ளைத்தாய்ச்சிகள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

சுகன்யா எனக்குப் போன் பண்ணினாள். இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள், அதை இப்போது மீறுகிறேன், அவள் கோபித்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். நான் சபையில் டம்ளரைக் கொட்டிய விதத்திலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது, மீதியை என்னிடம் கேட்டு வாங்கினாள். "அத்தை, அவரே அவிச்சு, தோலை உரிச்சு, மிளகுத்தூள் போட்டு எடுத்துட்டு வராரு. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிக்கிறாரு. நான் எப்படி வேணாம்னு சொல்றது?" என்றாள். வேண்டாம் என்றால் மாமியார் பேச்சைக் கேட்டுப் புருஷனை நம்பாதவள் ஆகிறாள், சரி என்றால் வயிற்றுப் பிள்ளைக்குக் கொடுக்கிறாள். உன் வீட்டில் இருபத்துநாலு மணி நேரமும் அந்தப் பெண் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறாள். நீ அவளிடம் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் உன் மனசு கோணக்கூடாது என்று சாப்பிடுகிறாள்.

பயப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. இதுவரைக்கும் சாப்பிட்டதால் பிள்ளைக்கு இன்னது ஆகிவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஒன்றும் ஆகாமலே போகலாம், டாக்டரம்மாவும் அதையே சொன்னார்கள். சேர்ந்துகொண்டே போவதை நிறுத்துவதுதான் நம் கையில் இருப்பது. இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார்கள். இதைக் கேள்விப்பட்டுப் பயந்துபோய் தாய்ப்பாலை நிறுத்திவிடக் கூடாது, அதில் இருக்கிற நன்மைக்கு ஈடு வேறு எதுவும் இல்லை. சுகன்யாவுக்கும் அதுதான், திவ்யாவுக்கும் அதுதான். அதனால் இதைச் சொல்கிறவர்கள் பதற்றமில்லாமல், நிதானமாக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். வாட்ஸப்பில் ஒரு வரி போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்கிற விஷயம் இல்லை இது.

கோழி வளர்ப்பதை விட்டுவிடு என்று நான் சொல்லவே இல்லை. அந்தக் கறுப்பு இடத்துக்கு வேலி போடு. அந்த மண்ணை அள்ளிக் கொள்ளிடக் கரையில் கொட்டிவிட்டுக் கை கழுவலாம் என்று மட்டும் நினைக்காதே, அங்கிருந்து யார் வீட்டுக்குப் போகுமோ. இருக்கிற கோழிகளை வேறு யாருக்காவது தள்ளிவிடவும் கூடாது. மாசு கட்டுப்பாட்டு அலுவலகத்தில் போய் விஷயத்தைச் சொல், மண்ணை எங்கே அனுப்புவது என்று கேள். அலைய விடுவார்கள், அலைந்துதான் ஆக வேண்டும், நானும் கூட வருகிறேன். புதுக் குஞ்சுகளை வேறு இடத்தில், தரைக்கு மேலே தூக்கிக் கட்டிய கூண்டில் வளர்க்கலாம். உன் அப்பா நேற்றிலிருந்து கொல்லையில் பழைய கட்டிலைப் பிரித்துப் போட்டு எதையோ அளந்து அறுத்துக்கொண்டிருக்கிறார். கேட்டால் சும்மாதான் என்கிறார். இன்று காலை கம்பி வலை வாங்கி வந்தார். சாயங்காலம் ஸ்கூட்டரில் உன் வீட்டுக்கு வருகிறவர் இந்தக் கடிதத்தையும் கொண்டுவருவார். அவர் கையில் கொடுத்தால் நீ வாங்காமல் இருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

கூடத்தில் நான் உன்னை அவமானப்படுத்தியது போல இன்னொரு தடவை செய்ய மாட்டேன். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். நாளைக் காலை நான் ஸ்ரீரங்கம் போகிறேன், திவ்யா வீட்டுக்கு. அங்கிருந்து நான் அனுப்பி வைத்த மற்ற வீடுகளுக்கும். இதில் மாற்றம் கிடையாது. நீ சாப்பிடாமல் இருந்தாலும் சரி, என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி, பிறக்கப்போகிற பிள்ளையை என் கண்ணில் காட்ட மாட்டேன் என்றாலும் சரி. நீ அதைச் சொன்னால் நான் செத்துத்தான் போவேன், இருந்தாலும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் சாவேன்.

உனக்கு டோல்கேட்டிலிருந்து கொள்ளிடப் பாலம் தாண்டினால் ஸ்ரீரங்கம், வண்டியில் எவ்வளவு நேரம் ஆகிவிடும். நான் போய் அவள் வீட்டுத் தெருமுனையில், பூக்காரி பக்கத்தில் நிற்பேன். உள்ளே போக மாட்டேன். நீ வா. வந்து நீயே சொல், உன் முட்டையைப் பற்றி உன் வாயால் சொல்வதைத்தான் அவர்கள் நாளைக்கும் நினைவில் வைத்திருப்பார்கள், மறுபடி உன்னிடமே வாங்கவும் செய்வார்கள். நீ பாதியில் நிறுத்தினால் மீதியைச் சொல்ல நான் பக்கத்தில் இருக்கிறேன். ஆனால் வெயில் ஏறுகிறவரைக்கும்தான் நிற்பேன் முரளி, அவள் சமையல் முடித்து மத்தியானச் சாப்பாட்டுக்கு முட்டையை எடுப்பதற்குள் அந்தக் கதவை நான் தட்டிவிடுவேன்.

உன் அம்மா